ரெஜிஸ்ட்ரியைக் கழுவக் காசு கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் கணினி திருத்தும் சில கடைகளில் 'ரெஜிஸ்ட்ரி கிளீனிங்' என்று தனியாக ஒரு கட்டணம் அறவிடுகிறார்கள். மெதுவாக ஓடும் கணினியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏதாவதொரு இலவச மென்பொருளை ஓடவிட்டு, எண்ணூறு ஆயிரம் என்று 'பிழைகள்' சிவப்பெழுத்தில் இறங்கி வருவதைக் காட்டி, ஒரே கிளிக்கில் அத்தனையையும் அழித்துத் தந்துவிடுகிறார்கள். பார்க்கிறவருக்குத் திருப்திதான். அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை பிழைகளே அல்ல என்பதும், அழித்ததால் கணினி வேகம் பெறாது என்பதும், சில வேளை இருந்ததும் கெடும் என்பதும் அவருக்குத் தெரிவதில்லை. இது பற்றி விவரமாக எழுதத் தங்கள் பத்திரிகையில் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் வைத்திருக்கும் இடாப்பு. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எந்த வகைக் கோப்பை எது திறக்க வேண்டும், பிரிண்டருக்கு எந்த டிரைவர், இந்தப் பயனாளரின் திரையில் என்ன படம் என்பதெல்லாம் அதில்தான் பதியப்படும். 1992 இல் விண்டோஸ் 3.1 உடன் அது சிறிய அளவில் வந்தது. அப்போது பெரும்பாலான அமைப்புகள் 'வின்.ஐஎன்ஐ', 'சிஸ்டம்.ஐஎன்ஐ' போன்ற தனித்தனி எழுத்துக் கோப்புகளில் சிதறிக் கிடந்தன. 1995 இல் விண்டோஸ் 95 வந்தபோதுதான் எல்லாம் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தது.

விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'ரெஜ்எடிட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் இந்த இடாப்பு திறக்கும். இடப்பக்கம் ஐந்து பெரும் தலைப்புகள். உண்மையில் வேலைக்கு வேண்டியவை இரண்டு: முழுக் கணினிக்கும் பொதுவான 'லோக்கல் மெஷின்', இப்போது உள்நுழைந்திருப்பவருக்கு மட்டுமான 'கரண்ட் யூசர்'. 'கிளாஸஸ் ரூட்' என்பது அந்த இரண்டிலிருந்தும் கோப்பு வகை பற்றிய பகுதிகளைச் சேர்த்துக் காட்டும் தோற்றம் மட்டுமே. திரையில் ஒரே மரமாகத் தெரிந்தாலும் வன்தட்டில் இவை தனித்தனிக் கோப்புகள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் 'கொன்பிக்' என்ற கோப்புறைக்குப் போனால் சிஸ்டம், சொப்ட்வெயர், சாம், செக்யூரிட்டி, டிபோல்ட் என்ற ஐந்து கோப்புகளைக் காணலாம். ஒவ்வொரு பயனாளருக்குமான இடாப்பு அவரவர் கோப்புறையில் 'என்டியூசர்.டாட்' என்ற பெயரில் மறைந்திருக்கும்.

இனி, அழித்தால் ஏன் வேகம் வராது என்பது. ஒரு பதிவின் தலைப்பகுதி ஏறக்குறைய 80 பைட்டும் அதன் பெயரின் நீளமும்தான். ஆயிரம் பதிவுகளை அவற்றின் மதிப்புகளோடு அழித்தாலும் சில நூறு கிலோபைட்டைத் தாண்டுவது அபூர்வம். 'சொப்ட்வெயர்' கோப்பு மட்டுமே பல பத்து மெகாபைட் இருக்கும். அழித்தாலும் அந்தக் கோப்பு உடனே சுருங்காது. அந்த இடம் 'காலி' என்று குறிக்கப்பட்டு, அடுத்த பதிவுக்காகக் காத்திருக்கும். விண்டோஸ் இதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பதும் இல்லை. தலைப்பு, உபதலைப்பு என்று வழி பிடித்து நேரே வேண்டிய பதிவுக்குப் போகும். வாக்காளர் இடாப்பில் ஊரை விட்டுப் போனவர் பெயர் நாலு கிடந்தால் உங்கள் பெயரைத் தேடியெடுக்க அதிக நேரம் பிடிக்குமா? அவ்வளவுதான் கதை.

வேகம் வராவிட்டால் போகட்டும், கெடுதல் எப்படி வருகிறது? கிளீனர் மென்பொருள் பதிவு ஒன்றைப் பார்க்கும். அதில் எழுதியிருக்கும் பாதையில் கோப்பு இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் 'பிழை' என்று பட்டியலில் போடும். ஒரு கடையின் பில் போடும் மென்பொருள் பக்கத்து அறைக் கணினியிலிருந்து வலையமைப்பு வழியாக 'இசட்' டிரைவாக இணைந்திருக்கிறது என்று வையுங்கள். திருத்தகத்தின் மேசையில் அந்த 'இசட்' டிரைவுக்கு எங்கே போவது? அந்த மென்பொருளைச் சுட்டும் பதிவுகள் எல்லாம் செத்தவையாகத் தெரியும், அழிக்கப்படும். வீட்டில் கழற்றி வைத்த வெளி வன்தட்டுக்கும் இதே கதிதான். கடைக்குத் திரும்பி வந்து பில் அடிக்கப் போகும்போதுதான் கேடு வெளிப்படும்; அப்போது திருத்தியவர் "கொண்டுபோகும்போது நல்லாத்தானே இருந்தது" என்பார். அவர் சொல்வதிலும் பொய்யில்லை.

இன்னொரு வகை, 'இன்ஸ்டோலர்' பகுதியைச் சேர்ந்த பதிவுகள். ஒரு மென்பொருளைப் பின்னர் புதுப்பிக்கவோ முறையாக நீக்கவோ விண்டோஸ் தேடுவது இவற்றைத்தான். இவை போனால் மென்பொருள் ஓடும், ஆனால் அதன் அடுத்த பதிப்பு ஏற மறுக்கும், பழையதை நீக்கவும் முடியாது. ஆறு மாதம் கழித்து வரும் இந்தக் கோளாறுக்கு அன்றைய கிளீனிங்தான் காரணம் என்று யாரும் ஊகிக்க மாட்டார்கள்.

மைக்ரோசொப்ட் நிறுவனமே 1990களில் 'ரெஜ்கிளீன்' என்று ஒரு கருவியை வெளியிட்டுப் பின்னர் கைவிட்டது. இன்று ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்று அதன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. பயமுறுத்திக் காசு கறக்கும் இத்தகைய மென்பொருட்களை 2018 மார்ச்சிலிருந்து விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான விண்டோஸ் டிபென்டர் வேண்டாதவை என்று பிடித்து நீக்குகிறது. பெயர்பெற்ற 'சிகிளீனர்' மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் 2017 இல் ஊடுருவிகள் தீநிரலைச் செருகி, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்ததும் நடந்த விஷயம்.

அப்படியானால் மெதுவாக ஓடுவது எதனால்? பெரும்பாலும் மூன்று காரணங்கள். ரேம் எனும் தற்காலிக நினைவகம் 4 ஜிபி மட்டும் இருப்பது, பழைய சுழலும் வன்தட்டு, கணினியோடு சேர்ந்து எழும்பும் தேவையற்ற மென்பொருட்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருட்களைக் காட்டும் டாஸ்க் மனேஜர் வரும். பழைய வன்தட்டுள்ள கணினியில், அதிலுள்ள 'டிஸ்க்' என்ற நெடுவரிசை நிமிடக் கணக்கில் 100 சதவீதத்திலேயே நின்றால், சுழலும் பகுதி இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றுவதே பெரும்பாலும் வைத்தியம். கிளீனிங்குக்கு இரண்டு மூன்று தரம் கொடுக்கும் காசை அதற்கு ஒதுக்கலாம்.

ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இடம் அறிந்து, ஒரு பதிவை மட்டும் மாற்றுவதற்கு நியாயமான தேவைகள் உண்டு. ஆனால் ரெஜ்எடிட்டில் 'சேவ்' பட்டனும் இல்லை, 'அன்டூ'வும் இல்லை. மாற்றிய கணமே பதிவாகிவிடும். ஆகவே தொடுமுன் அந்தத் தலைப்பில் வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். இதில் பலர் அறியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தப் பிரதியைத் திரும்ப இரண்டு கிளிக்கில் ஏற்றினால் அது பழையதைக் கலக்கும், புதிதாகச் சேர்ந்ததை அழிக்காது. நீங்கள் அழித்த பதிவு திரும்பி வரும். நீங்கள் பிழையாகச் சேர்த்த பதிவு அப்படியே கிடக்கும். சேர்த்ததைக் கையால்தான் நீக்க வேண்டும். பெரிய மாற்றமென்றால், கணினியை முந்திய நிலைக்குத் திருப்ப உதவும் 'சிஸ்டம் ரீஸ்டோர்' புள்ளி ஒன்றையும் உருவாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 இல் இந்த வசதி பல கணினிகளில் அணைந்தே இருக்கும் என்பதால் 'சிஸ்டம் புரொடெக்ஷன்' பக்கத்துக்குப் போய் சி டிரைவுக்கு நேரே 'ஒன்' என்று இருக்கிறதா என முதலில் பார்க்கவும்.

பென்டிரைவ் வைரஸ் விஷயத்துக்கு வருகிறோம். போட்டோக்கொப்பிக் கடை, டியூஷன் நிலையம், பாடசாலைக் கணினிக் கூடம் என்று ஒரே பென்டிரைவ் பத்துக் கணினிகளில் ஏறி இறங்குவதால் எங்கள் பகுதியில் இது ஓய்வதே இல்லை. கோப்புகள் எல்லாம் மறைந்து அவற்றின் இடத்தில் சோர்ட்கட் மட்டும் நிற்கும். பென்டிரைவைச் சுத்தம் செய்தாலும் மறுபடி வருவதற்குக் காரணம், கணினி எழும்பும்போதெல்லாம் வைரஸையும் எழுப்பிவிடும் ஒரு வரி ரெஜிஸ்ட்ரியில் உட்கார்ந்திருப்பது. கரண்ட் யூசர், சொப்ட்வெயர், மைக்ரோசொப்ட், விண்டோஸ், கரண்ட் வேர்ஷன், ரன் என்ற வழியில் போய்ப் பாருங்கள். லோக்கல் மெஷினிலும் அதே வழியில் இன்னொரு 'ரன்' உண்டு. வலப்பக்கம் ஒவ்வொரு வரியிலும் ஒரு கோப்பின் பாதை இருக்கும். 'புரோகிராம் பைல்ஸ்' என்று தொடங்கினால் பெரும்பாலும் முறையானது. 'ஆப்டேட்டா' அல்லது 'டெம்ப்' கோப்புறைக்குள் அர்த்தமில்லாத எழுத்துப் பெயரோடு, அதிலும் 'விபிஎஸ்' அல்லது 'ஜேஎஸ்' என்று முடிந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல மென்பொருட்கள் சிலவும் ஆப்டேட்டாவில் இருக்கும் என்பதால் பெயரைத் தேடிப் பார்க்காமல் அழிக்க வேண்டாம். டாஸ்க் மனேஜரில் அந்த ஓட்டத்தை முதலில் நிறுத்தி, பிறகு ரெஜிஸ்ட்ரி வரியை அழித்து, கடைசியாகக் கோப்பை அழிக்கும் ஒழுங்கு முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் தன் வரியைச் சில நொடிகளில் திரும்ப எழுதிவிடும்.

டாஸ்க் மனேஜரே திறக்க மறுத்து 'நிர்வாகியால் முடக்கப்பட்டது' என்று வந்தால், அதே கரண்ட் வேர்ஷனுக்குள் 'பொலிசிஸ்', அதற்குள் 'சிஸ்டம்' என்ற இடத்தில் 'டிஸேபிள் டாஸ்க்எம்ஜிஆர்' என்ற பதிவு 1 ஆக இருக்கும்; அழித்துவிடலாம். உள்நுழைவைக் கவனிக்கும் 'வின்லொகொன்' பகுதியில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். அங்கே 'ஷெல்' என்பதில் 'எக்ஸ்புளோரர்.எக்ஸி' மட்டும் இருக்க வேண்டும். 'யூசர்இனிட்' என்பதில் 'யூசர்இனிட்.எக்ஸி' கோப்பின் முழுப் பாதையும் கடைசியில் ஒரு காற்புள்ளியும் இருக்கும். அந்தக் காற்புள்ளி தவறுதலாக வந்ததென்று நினைத்து நீக்க வேண்டாம், அது அங்கே இருப்பதுதான் வழமை. அந்தப் பாதை பிழைத்தாலோ கடவுச்சொல் கொடுத்து உள்ளே போன கையோடு கணினி வெளியே தள்ளிவிடும்.

அடுத்தது, 'என் படங்கள், ஆவணங்கள் எல்லாம் போய்விட்டன' என்று அழுதுகொண்டு வருகிறவர்களின் கணினி. உள்நுழைந்தால் வெறும் திரை, புதுக் கணினி மாதிரி. பயனாளரின் இடாப்புக் கோப்பைத் திறக்க முடியாமல் விண்டோஸ் ஒரு தற்காலிகக் கணக்கைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவே. கோப்புகள் சி டிரைவின் 'யூசர்ஸ்' கோப்புறையில் பத்திரமாக இருக்கும். முதலில் அவற்றை வெளி வன்தட்டுக்குக் கொப்பி செய்யுங்கள். பிறகு நிர்வாகி உரிமையுள்ள வேறொரு கணக்கில் நுழைந்து லோக்கல் மெஷின், சொப்ட்வெயர், மைக்ரோசொப்ட், 'விண்டோஸ் என்டி', கரண்ட் வேர்ஷன், 'புரொபைல் லிஸ்ட்' வரை போனால் 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் நீண்ட பெயர்கள் தெரியும். அவற்றில் ஒரே எண்ணோடு இரண்டு இருந்து, ஒன்றின் கடைசியில் '.பக்' என்று இருந்தால் அதுதான் உங்கள் பழைய கணக்கு. '.பக்' இல்லாததை '.ஓல்ட்' என்று பெயர் மாற்றி, மற்றதன் '.பக்' என்பதை நீக்கி, அதற்குள் 'ஸ்டேட்' என்ற மதிப்பையும், 'ரெப்கவுண்ட்' இருந்தால் அதையும் 0 ஆக்கி, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பத்து நிமிட வேலை. இதற்குப் போர்மட் அடித்துத் தருவது பெரும் பாவம்.

எங்கள் பகுதி அலுவலகங்களுக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று விசைப்பலகையும் ஒரே கணினியில் இருப்பதால் வருவது. கடவுச்சொல் சரியாகத்தான் தட்டுகிறோம், பிழை என்கிறது. உள்நுழையும் திரையில் தமிழ் விசைப்பலகை முதலில் நின்றால் அப்படித்தான் நடக்கும், புள்ளிகள் மட்டும் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. அப்போதைக்கு விண்டோஸ் பட்டனோடு இடைவெளிப் பட்டனை அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளலாம். நிரந்தரமாகச் சீராக்க, 'யூசர்ஸ்' என்ற பெருந்தலைப்பில் '.டிபோல்ட்', 'கீபோர்ட் லேஅவுட்', 'பிரீலோட்' என்று போனால் 1, 2, 3 என்று வரிசை இருக்கும். 1 க்கு நேரே அமெரிக்க ஆங்கிலத்தின் இலக்கமான 00000409 ஐ வைத்து, தமிழின் 00000449 ஐ அடுத்ததாக வையுங்கள். கரண்ட் யூசரிலும் இதே பெயரில் பிரீலோட் இருக்கிறது. அதை மாற்றினால் உள்நுழைந்த பின்னர் உள்ள ஒழுங்கு மட்டும்தான் மாறும், உள்நுழையும் திரைக்கு அது உதவாது. அதைத் தெரியாமல் அங்கேயே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

கடைசியாக மின்சாரம். ரெஜிஸ்ட்ரி உண்மையிலேயே பழுதாகிக் கணினி எழும்ப மறுப்பது கிளீனர் காட்டும் அந்த 'ஆயிரம் பிழைகளால்' அல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் போவதாலும், வன்தட்டில் பழுதடைந்த பகுதிகளாலும், ரேம் கோளாறாலும்தான். விண்டோஸ் மாற்றங்களை முதலில் 'லொக்' கோப்புகளில் எழுதிப் பின்னர்தான் பிரதான கோப்புக்கு ஏற்றும். ஆகவே ஒரு தரம் மின் போனால் பெரும்பாலும் தப்பிவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டிய காலம் மாதிரி, மாரி காலத்தில் ஒரே நாளில் பல தரம் போய் வந்தால் தப்புவது சந்தேகம். 650 விஏ யுபிஎஸ் ஒன்று மேசைக் கணினியைச் சில நிமிடங்கள் தாங்கும். முறையாக அணைக்க அது போதும். அதன் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். யுபிஎஸ் இருந்தும் மின் போன கணமே கணினி அணைகிறதென்றால் பற்றரியை மாற்றுங்கள். கல்லடி, கல்முனை, திருக்கோவில் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றால் ரேமின் பொன்னிற முனைகள் கறுத்துப்போகும். மின்னை முற்றாகத் துண்டித்து ரேமைக் கழற்றி, ஐசோபுரோபைல் அல்கஹோல் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிட்டுப் பொருத்தினால் ரெஜிஸ்ட்ரி பழுது என்று தோன்றிய சில கோளாறுகள் தானாகவே போய்விடும்.

யூடியூப் காணொளிகளைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எழும்பாத கணினிக்கு, கொன்பிக்கின் உள்ளே இருக்கும் 'ரெஜ்பக்' கோப்புறையிலிருந்து ஐந்து கோப்புகளையும் மேலே கொப்பி பண்ணச் சொல்வார்கள். விண்டோஸ் 7 இல் அது சரி. விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பிலிருந்து விண்டோஸ் அங்கே தானாகப் பிரதி எடுப்பதை நிறுத்திவிட்டது. கோப்புப் பெயர்கள் இருக்கும், அளவு 0. அந்த வெற்றுக் கோப்புகளைப் பிரதான இடத்தில் போட்டால் மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விடும். கொப்பி பண்ணுமுன் அளவைப் பாருங்கள். பழைய ஐந்தையும் அழிக்காமல் பெயர் மாற்றி வையுங்கள். இந்தக் காப்பை மறுபடி இயக்க வேண்டுமானால் கணினி நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும்: லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கொன்ட்ரோல் செட், கொன்ட்ரோல், செஷன் மனேஜர், 'கொன்பிகரேஷன் மனேஜர்' என்ற இடத்தில் 'எனேபிள்பீரியொடிக்பக்அப்' என்ற பெயரை ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டி, 32 பிட் டிவேர்ட் பதிவாகச் சேர்த்து, மதிப்பு 1 கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில நாட்கள் கழித்து ரெஜ்பக்கில் அளவுகள் ஏறியிருக்கின்றனவா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளவும்.

கடைக்காரர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். ரெஜிஸ்ட்ரியில் எதை மாற்றினீர்கள் என்பதை பில்லின் பின்பக்கத்தில் இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். மாற்றுமுன் எடுத்த எக்ஸ்போர்ட் பிரதியை வாடிக்கையாளரின் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். பாடசாலைகளும் பிரதேச செயலகங்களும் பராமரிப்புக்கு ஆள் அமர்த்தும்போது இந்த இரண்டையும் நிபந்தனையாகப் போடலாம்.

இப்படிக்கு,
கணினி பராமரிப்பாளர்கள் சிலர்,
கல்முனை, களுவாஞ்சிக்குடி.